தலை சுற்றுகிறதா, கால் மரக்கிறதா? கரைப்பான் வேலையில் அறிகுறியைப் பிடித்துக் காரணம் தேடும் வழி

முதலில் அவசரம். தின்னரோ (பெயின்ட்டை இளக்குவது) டிகிரீசரோ (எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது) மாதிரியான கரைப்பான் வைத்து வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், மயங்கி விழுகிறார் என்றால் மேலே படிக்க வேண்டாம். வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் விழுந்த இடம் தொட்டி, குழி, ஜன்னலில்லாத குளியலறை என்றால் மட்டும் நில்லுங்கள். தனிக்காற்று தரும் சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே இறங்கினால் தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுவார். இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது அதுதான். யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டர்பன்டைன், தின்னர் போன்றவை வயிற்றில் செய்வதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் செய்யும் கேடு பெரிது. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

மற்றவை நிதானமாகத் தேட வேண்டியவை. தேடத் தொடங்கும்போது எனக்கு மூன்று கேள்விகள் போதும். எப்போது ஆரம்பிக்கிறது? எப்போது விடுகிறது? பக்கத்தில் நிற்பவருக்கும் உண்டா? "வாடை எப்படி இருக்கிறது?" என்பதைக் கடைசியில்தான் கேட்பேன். காரணம் கீழே வரும்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் நேரத்தைக் குறியுங்கள்: எந்த வேலை, எந்த டப்பா, எத்தனை லிட்டர், தொந்தரவு தொடங்கிய மணி, விட்ட மணி, விடுமுறை நாளில் என்ன ஆனது. கூடவே ஒவ்வொரு டப்பாவுக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்கி வையுங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். அவசரத்துக்கு மூன்று போதும். 3ஆம் பகுதியில் என்னென்ன, எத்தனை சதவீதம் என்று இருக்கும். 8இல் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம், எந்தக் கையுறை, எந்த மாஸ்க் என்று இருக்கும். 9இல் கொதிநிலையும் ஆவியழுத்தமும் இருக்கும். "தின்னர்", "டிகிரீசர்", "பிரேக் கிளீனர்" எல்லாம் அது செய்கிற வேலையின் பெயர்கள், உள்ளே இருக்கும் பொருளின் பெயர்கள் அல்ல. போன மாதம் வந்த டப்பாவும் இந்த மாத டப்பாவும் ஒரே பெயரில் வேறு கலவையாக இருக்கலாம். தொந்தரவு திடீரென்று தொடங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது டப்பா எப்போது மாறியது என்பதைத்தான்.

மதியத்துக்கு மேல் தலை பாரம், லேசான போதை மாதிரி. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகிறது

அதிகம் கேட்கிற புகார் இது. வேலை நேரத்தில் ஏறி, வெளியே வந்த சில மணி நேரத்தில் இறங்கி, விடுமுறையில் காணாமல் போனால், காற்றில் ஆவி கூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தின்னரிலும் பசையிலும் வரும் டோலுயின், சைலீன், அசிட்டோன், எம்.இ.கே. (மீத்தைல் எத்தில் கீட்டோன்), எத்தில் அசிட்டேட் எல்லாமே மூளையை மந்தமாக்குபவை. இந்த அறிகுறியை மட்டும் வைத்து எது என்று பிரிக்க முடியாது, பிரிக்க அலையவும் வேண்டாம். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறை. 60 கன மீட்டர் காற்று. அதில் ஒரு டம்ளர்கூட நிறையாத 100 மில்லி டோலுயின் ஆவியாகிறது. எடை சுமார் 87 கிராம், அதாவது 87,000 மில்லிகிராம். 60ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 1,450 மில்லிகிராம். இதை பிபிஎம்மாக்க, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு ஆவி என்று பார்க்க, 24.45ஆல் (அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு பிடிக்கும் லிட்டர்) பெருக்கி, டோலுயினின் மூலக்கூறு எடையான 92ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 385 பிபிஎம் வரும். ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு எட்டு மணி நேரச் சராசரிக்குப் பரிந்துரைக்கும் அளவு 20 பிபிஎம். அரை டம்ளர் திரவம், 19 மடங்கு.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். அதே அமெரிக்காவில் ஓஷா என்ற அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு சட்டப்படி வைத்திருக்கும் வரம்பு 200 பிபிஎம்; அது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எண். "வரம்புக்குள்தான் இருக்கிறோம், பிறகு ஏன் தலைவலி?" என்று கேட்கும் மேலாளரிடம், எந்த வரம்பு என்று திருப்பிக் கேளுங்கள். எட்டு மணி நேரத்துக்குப் போட்ட எண்ணைப் பன்னிரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு அப்படியே வைப்பதும் தவறு. பரவலாகப் பயன்படுத்தப்படும் ஒரு திருத்தக் கணக்கின்படி பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது பாதியாகும். உடம்புக்கு ஏறுவது கூடுதல் நேரம், இறங்கக் கிடைப்பது குறைந்த நேரம் என்பதுதான் காரணம்.

பல கரைப்பான்கள் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் இருப்பது போதாது. ஒவ்வொன்றையும் அதன் வரம்பால் வகுத்துக் கூட்டினால் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். அசிட்டோன் 100 பிபிஎம் (வரம்பு 250), டோலுயின் 14 பிபிஎம் (வரம்பு 20) என்று வையுங்கள். 100/250 என்பது 0.4, 14/20 என்பது 0.7, கூட்டினால் 1.1. ஒன்றைத் தாண்டிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள்.

இனி ஆவி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். நான் முதலில் பார்ப்பது ஸ்ப்ரே கன்னை அல்ல, குப்பைத் தொட்டியை. துடைத்துப் போட்ட துணி மூடியில்லாத தொட்டியில் கிடந்து நாள் முழுக்க ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அடுத்து, மூடாத தின்னர் டப்பா, பிரஷ் ஊற வைத்த கிண்ணம், உலர வைத்த பொருள்கள் அடுக்கிய ரேக். வேலை செய்பவர் ஓய்வெடுக்கும் பெஞ்சு அந்த ரேக்குக்குப் பக்கத்தில் இருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! வேலையில் வாங்கியது போதாதென்று ஓய்விலும் வாங்குகிறார்.

பிறகு காற்றோட்டம். மேலே சொன்ன அறையில் மணிக்கு 100 மில்லி டோலுயின் ஆவியாகிறதென்றால், அதை 20 பிபிஎம்முக்குள் வைக்க மணிக்குச் சுமார் 1,160 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அறைக் காற்று முழுவதும் மணிக்கு 19 முறை மாற வேண்டும். அதுவும் காற்று நன்றாகக் கலக்கும் என்று வைத்துக்கொண்டால்தான். நிஜத்தில் கலக்காது, மூன்று மடங்காவது தேவைப்படும். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியது ஏன் போதவில்லை என்பதற்கு இந்த எண்ணே பதில். உறிஞ்சும் குழாயை ஆவி கிளம்பும் இடத்துக்கே கொண்டுபோங்கள். குழாய் வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப்போனாலே இழுக்கும் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். 15 சென்டிமீட்டர் குழாயை அரை மீட்டர் தள்ளி வைத்தால் அது சத்தம் மட்டும்தான் போடும். இன்னொன்று: காற்று உங்கள் முகத்தைக் கடந்து மேசைக்குப் போக வேண்டும். மேசையைக் கடந்து முகத்துக்கு வரக்கூடாது. முதுகுக்குப் பின்னால் ஃபேன் வைத்தால் உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி ஆவி மூக்குக்கே ஏறும். பக்கவாட்டில் வைப்பது நல்லது.

"கரைப்பான் ஆவி கனமானது, தரையோடு கிடக்கும், நின்று வேலை செய்பவருக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு பாதிதான் உண்மை. தூய டோலுயின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம்தான். ஆனால் 1,000 பிபிஎம் அளவில் கலந்த காற்று சாதாரணக் காற்றைவிட அரை சதவீதம்கூடக் கனம் அதிகமில்லை. கொட்டிய இடம், குழி, தொட்டி இவற்றில் தேங்கும். திறந்த அறையில் காற்று போகிற பக்கம் போகும்.

வாடையே இல்லை, மீட்டரும் கத்தவில்லை; ஆனால் தொந்தரவு இருக்கிறது

மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். புதிதாக உள்ளே வருபவர் முகம் சுளிக்கும் இடத்தில், காலையிலிருந்து நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் மோசம், சில பொருள்களின் வாடை தெரிய ஆரம்பிப்பதற்குள் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருப்போம். பெயின்ட் உரிக்கும் டைகுளோரோமீத்தேன் 200 பிபிஎம்முக்கு மேல்தான் வாடை காட்டும். ஓஷா அனுமதிக்கும் எட்டு மணி நேரச் சராசரி 25 பிபிஎம்.

மீட்டர் விஷயத்தில் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். இடுப்பில் மாட்டும் எல்.இ.எல். மீட்டர் தீப்பிடிக்குமா என்று மட்டுமே சொல்லும். டோலுயின் காற்றில் 1.1 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும், அது 11,000 பிபிஎம். அதில் பத்தில் ஒன்றான 1,100 பிபிஎம்மில்தான் வழக்கமாக அலாரம் அடிக்கும். 20 பிபிஎம் வரம்பைப் போல 55 மடங்கு. அலாரம் அடிக்காததால் ஆரோக்கியத்துக்குக் கேடில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புற ஊதா விளக்கால் ஆவியை அயனியாக்கி அளக்கும் பி.ஐ.டி. மீட்டர் எவ்வளவோ மேல், ஆனால் அதன் சாதாரண 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குக்கு டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் தெரியாது. திரையில் பூஜ்யம் வந்தால், அந்தப் பொருளை அந்த விளக்கு பார்க்குமா என்று முதலில் கேளுங்கள். நம்பத்தக்க அளவீடு வேண்டுமென்றால் சட்டைக் காலரில், மூக்குக்கு அருகில், சேகரிப்புக் குழாயோ பேட்ஜோ மாட்டி ஷிஃப்ட் முழுவதும் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் தலைவலி போகவில்லை. நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல்

வேலை முடிந்தும் இறங்காத தலைவலிக்கு முதலில் டைகுளோரோமீத்தேனைச் சந்தேகியுங்கள். அதை உடம்பு கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. கொழுப்பில் தங்கிய மிச்சம் மெல்ல வெளிவந்துகொண்டே இருப்பதால், வெளியே வந்த பிறகும் மோனாக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கும். இதய நோய் உள்ளவருக்கு இது மாரடைப்பாகவே முடியலாம். மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அது நல்ல ரத்தமாகவே படிக்கும். கார்பாக்சி ஹீமோகுளோபினை (மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) ரத்தத்தில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பொருளோடு சிறிய அறையில் வேலை செய்வதில் சமரசமே வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரித்தபோது இறந்தவர்கள் மட்டும் 13 பேர் என்று பதிவாகியிருக்கிறது. சாதாரணக் கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இதற்கு உதவாது, விரைவிலேயே ஊடுருவிவிடும். வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று தரும் கருவிதான் வேண்டும். அல்லது, இதைவிட நல்ல வழி, சுரண்டியோ சூடுபடுத்தியோ வேறு பொருளைக் கொண்டோ உரியுங்கள்.

கை வெளுத்துக் காய்ந்து வெடிக்கிறது

தோலின் எண்ணெயைக் கரைப்பான் கரைத்துவிட்டது. இதைக் கண்டதும் கிரீம் தேடுவார்கள். அதற்கு முன், வேலை முடிந்து கையைத் தின்னரிலேயே கழுவும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவேதான் காரணம். வெடித்த தோல் வழியே உள்ளே போவதும் கூடும். டைமீத்தைல் ஃபார்மமைடு, என்.எம்.பி. (என்-மீத்தைல் பைரோலிடோன்), கிளைக்கால் ஈதர்கள், மெத்தனால் ஆகிய கரைப்பான்கள் நல்ல தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போகும். காற்றை அளந்து "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுக் கையை மறந்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். சில கிளைக்கால் ஈதர்களும் என்.எம்.பி.யும் கருவைப் பாதிப்பவை. கருவுற்றவரை அந்த வேலையிலிருந்து மாற்றுவதற்கு அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கையுறை போட்டும் இப்படி ஆகிறதென்றால் கையுறையின் வகை தவறு. மெல்லிய நீலநிற நைட்ரைல் கையுறையை அசிட்டோனும் டைகுளோரோமீத்தேனும் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். ஹெக்ஸேனுக்கு நைட்ரைல் நன்றாகத் தாங்கும். அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர். ஆனால் அதே பியூட்டைல் டோலுயினுக்கு ஆகாது, அதற்கு விட்டான் என்ற ஃபுளோரின் ரப்பர். லேடெக்ஸ் இவற்றில் எதற்கும் உருப்படியாக உதவாது. ஓட்டை விழாத கையுறையும் ஊடுருவப்படும் என்பதுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம்: திரவம் ரப்பருக்குள் கரைந்து மறுபுறம் ஆவியாக வெளிவரும், கண்ணுக்குத் தெரியாது. நேற்று நனைந்ததை உலர்த்தி இன்று மாட்டினால் உள்ளே ஊறியது இன்று கையைச் சேரும்.

பாதம் மரத்துப்போகிறது, செருப்பு நழுவுவது தெரியவில்லை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி விரல் நுனியிலிருந்து மரத்து, மெல்ல மேலேறி, பிறகு கையிலும் தொடங்கினால் நரம்பு பாதிக்கப்படுகிறது என்று பொருள். தரவுத் தாளின் 3ஆம் பகுதியில் என்-ஹெக்ஸேன் இருக்கிறதா என்று பாருங்கள். பசை, பிரேக் கிளீனர், கைபேசித் திரை துடைக்கும் திரவம் எல்லாவற்றிலும் வரும். உடம்பு அதை 2,5-ஹெக்ஸேன்டையோனாக மாற்றுகிறது, நரம்பை அரிப்பது அதுதான். காலணிப் பசை வேலை செய்தவர்களிடம் இது பல நாடுகளில் வந்தது. கலிபோர்னியாவில் வாகன மெக்கானிக்குகளிடம் கண்டது பற்றி 2001இல் அறிக்கை வெளியானது. அந்த மெக்கானிக்குகள் பயன்படுத்தியது ஹெக்ஸேனும் அசிட்டோனும் கலந்த கிளீனர். அசிட்டோன், எம்.இ.கே. கூட இருந்தால் ஹெக்ஸேனின் கேடு கூடும். ஆகவே "ஹெக்ஸேன் கொஞ்சம்தான், மீதி அசிட்டோன்" என்பது ஆறுதல் இல்லை.

பொருளை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் இது மோசமாகிக்கொண்டே போகும். அதைப் பார்த்து "நிறுத்தியும் கூடுகிறதே, அப்படியென்றால் காரணம் இது இல்லை" என்று பழைய வேலைக்குத் திரும்பிவிடாதீர்கள். சர்க்கரை நோயிலும் இதே மாதிரி மரக்கும், அதையும் சோதித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பொருளாக ஹெப்டேன் பல வேலைகளுக்குப் போதும்.

கொஞ்சம் மது குடித்தாலே முகமும் கழுத்தும் சிவக்கிறது. முன்பு இப்படி இல்லை

டிகிரீசர்களில் வரும் டிரைகுளோரோஎத்திலீன் அல்லது டைமீத்தைல் ஃபார்மமைடைச் சந்தேகியுங்கள். இரண்டும் ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலையில் குறுக்கிடும். டைமீத்தைல் ஃபார்மமைடாக இருந்தால் வேலை முடிந்து சில நாள் கழித்துக் குடித்தாலும் வரும், கல்லீரல் சோதனையும் செய்துகொள்ளுங்கள். டிரைகுளோரோஎத்திலீனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் பிரிவில் சேர்த்தது, முக்கியமாகச் சிறுநீரகத்தில். டிரைகுளோரோஎத்திலீன் வேலை செய்பவருக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் சிவந்த தடிப்பும் வந்தால் அன்றே மருத்துவமனை.

மாஸ்க் போட்டும் நெடி உள்ளே வருகிறது

தூசி மாஸ்க்கா என்று பாருங்கள். என்95 ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் என்றால், தாடி இருக்கிறதா, ஓரம் முகத்தில் படிகிறதா, திறந்து எத்தனை நாள் ஆயிற்று? ஒரே நாளில் நிறையாத கார்ட்ரிட்ஜும் இரவு முழுக்கச் சும்மா கிடக்கையில் உள்ளே பிடித்த ஆவி மெல்ல நகர்ந்து மறுபுறம் வரும்; காலையில் மாட்டியதும் முதல் மூச்சிலேயே வாங்குவீர்கள். ஈரப்பதமான காற்றில் கரியின் திறன் இன்னும் குறையும். கொதிநிலை 65 டிகிரிக்குக் கீழே உள்ளவற்றுக்கு ஐரோப்பியத் தரத்தில் ஏ.எக்ஸ். என்ற தனி வடிகட்டி உண்டு, அதுவும் ஒரே முறைதான். எல்லாம் சரியாக இருந்தாலும் அரைமுக மாஸ்க் பத்து மடங்குதான் குறைக்கும் என்று கணக்கில் கொள்கிறார்கள். நாம் கணக்கிட்ட 385 பிபிஎம் அறையில் அது 38 ஆகும். இன்னும் வரம்புக்கு மேலேதான்.

வெல்டிங்குக்குப் பிறகு தொண்டை எரிச்சல், பிறகு சரியாகிவிட்டது

சரியாகவில்லை, காத்திருக்கிறது. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற, குளோரின் சேர்ந்த கரைப்பான் உள்ள கிளீனரால் துடைத்த பாகத்தையோ, அந்த ஆவி இருக்கும் இடத்திலோ வெல்ட் செய்தால் சூடும் புற ஊதா ஒளியும் அதை ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக்கும். முதலில் லேசான எரிச்சல், சில வேளை ஈர வைக்கோல் வாடை, அவ்வளவுதான். நுரையீரலில் நீர் கோப்பது 24 மணி நேரமோ அதற்கும் மேலோ கழித்துத் தொடங்கலாம். நன்றாக இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய்ப் படுங்கள், ஓடியாடி வேலை செய்யாதீர்கள்.

மறதி, எரிச்சல், காதில் குறை

இவை ஆண்டுக்கணக்கில் வருபவை. வார நோட்டில் பிடிபடாது. மறதியையும் காரணமில்லாத கோபத்தையும் வேலை செய்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார், வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். டோலுயினும் ஸ்டைரீனும் காதைக் கெடுக்கும். இரைச்சலும் சேர்ந்தால் இன்னும் கூடும். இரைச்சல் அளவு வரம்புக்குள் இருந்தும் காது மங்கினால் கரைப்பானை நினையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

"கெமிக்கல் வேலை" என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். தரவுத் தாளையும் நேரம் எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பரிசோதனையை ஷிஃப்ட் முடிந்ததும் கொடுங்கள். மறுநாள் காலையில் கொடுத்தால் பல பொருள்கள் இறங்கிப்போயிருக்கும். டோலுயினுக்கு ஆர்த்தோ-கிரெசால், சைலீனுக்கு மீத்தைல் ஹிப்யூரிக் அமிலம், ஹெக்ஸேனுக்கு 2,5-ஹெக்ஸேன்டையோன். டோலுயினுக்கு ஹிப்யூரிக் அமிலம் பார்ப்பது பழைய வழக்கம். சோடியம் பென்சோயேட் சேர்த்த குளிர்பானம் குடித்தாலே அது ஏறிவிடும், எனவே மாதிரி கொடுத்த அன்று என்ன குடித்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.